பதினொரு மணிச் சோறு

சனிக்கிழமைகளில் எங்கள் தெருவின் முடிவில் வெளியூர்க் கார்கள் நிற்கும். எங்கள் வீடுதான் தெருவின் கடைசி வீடு. அதற்குப் பிறகு வேலி, வேலிக்கு அப்பால் ஒரு கமக்காரனின் வயல், வயலுக்கு அப்பால் காடு. டுசல்டோர்ஃபிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வருகிற வேட்டைக்காரர்கள் அந்த வயலையும் காட்டையும் வேட்டைக்கென்று குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். காரைப் புல்லில் ஏற்றி நிறுத்திவிட்டு, பச்சை உடுப்போடு இறங்கி, ஒருவருக்கொருவர் கை கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஊர்ச்சனத்துக்கு அவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. நடைபாதையை மறித்துக் கார் விடுகிறார்கள், ஆட்கள் எழும்பமுதல் சுடத் தொடங்குகிறார்கள், நாயோடு நடந்தால் முறைக்கிறார்கள், ஊர் பேக்கரியில் ஒரு பாண்கூட வாங்குவதில்லை. எல்லாம் உண்மைதான். எனக்கு அதில் ஓர் அபிப்பிராயமும் இருந்ததில்லை. பன்னிரண்டு வருஷம் இருந்தாலும் நான் இந்த ஜேர்மன் ஊருக்கு வந்து குடியேறியவள்தானே. ஊர்ச்சண்டைக்குக் கூப்பிட்டால் போவேன், கூப்பிடாவிட்டால் மிச்சம் சந்தோஷம்.

நான் பக்கத்து நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். வெடிச்சத்தம் கேட்டால் உனக்குப் பழைய ஞாபகம் வராதா என்று அங்கே கேட்பார்கள். கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் ஓம் என்று சொல்லவேண்டும்போல இருக்கும். ஆனால் வராது. அந்த வெடி வேறு, இந்த வெடி வேறு. எங்கள் நாட்டுச் சண்டையில் ஆர் சுடுகிறான் என்று தெரியாது. இங்கே சுடுகிறவனின் கார் நம்பரே தெரியும்.

அபிப்பிராயம் இருந்தது அவருக்குத்தான். என் கணவரைச் சொல்கிறேன். எச்சில் கையால் காகம் துரத்தாத ஆட்கள் எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் தாராளமாக இருக்கிறார்கள். இவர் அதற்கு நேர்மாறு. நாங்கள் இந்த வீட்டை வாங்கிய முதல் மாரியில், வேலிக்கு அந்தப் பக்கம் குளிரில் நின்ற வேட்டைக்காரர்களுக்கு ஒரு தட்டு ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுபோய்க் கொடுத்தார். கடித்த ஒருவருக்கு உறைப்பில் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆனாலும் இன்னொன்று எடுத்தார்.

"ஊர் முழுக்க அவங்களோடை கோவம். நீங்கள் ரோல்ஸ் குடுக்கிறியள்" என்று ஏசினேன்.

"பசிக்கிறவனுக்கு என்னப்பா உள்ளூர் வெளியூர்" என்றார்.

அவர் செத்துப்போனது போன வருஷம் ஐப்பசியில். குளிர்க்களஞ்சியம் ஒன்றில் வேலை. காலமை நான் கட்டிக்கொடுத்த சோற்றுப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பதினொரு மணிக்கு அவருக்கு இடைவேளை. பத்தேமுக்காலுக்கு, பெட்டிகள் அடுக்கிய பலகைக்குப் பக்கத்தில் இருந்தபடியே விழுந்துவிட்டார். இதயம் என்றார்கள். பின்னேரம் அவருடைய மேலாளர் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, பையைத் தந்தார். சோற்றுப் பெட்டி திறக்கப்படாமல் இருந்தது. நான் அதை வாங்கி, குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, மேலாளருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. செத்தவீட்டில் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவருடைய தமக்கை, என் மச்சாள், டுசல்டோர்ஃபில் இருக்கிறார். அவர் என் முதுகைத் தடவித் தடவி, "அழு பிள்ளை. அழாட்டில் உள்ளுக்கை கட்டிப்போடும்" என்றார். எனக்கும் அழ விருப்பம்தான். வந்தால்தானே. பல்லுப் பிடுங்கப் போகும்போது ஊசி போட்ட கன்னம் இருக்குமே, கிள்ளினாலும் தெரியாது, என் உடம்பு முழுக்க அப்படி இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். எழுபது பேருக்கு உருளைக்கிழங்கு அவித்தேன்.

காகத்துக்குச் சோறு வைக்கச் சொன்னது மச்சாள்தான். அமாவாசைக்கு வைத்தால் போதும் என்று ஐயர் சொன்னார். அமாவாசை பார்த்து லீவு தா என்று எங்கள் சமையலறைப் பொறுப்பாளரிடம் கேட்க ஏலுமா? சனிக்கிழமை எனக்கு ஓய்வு. ஆகவே சனிக்கிழமை என்று வைத்தேன். நேரம் பதினொரு மணி. அதை ஒருவரும் சொல்லவில்லை, நானாக வைத்த நேரம். அவர் சாப்பிடாமல் போன நேரம் அது.

நம்பினாயா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவிக்கிறது, ஒரு பிடி சோறு, பருப்பு, கொஞ்சம் நெய், மேலே எள்ளு. பின் வளவில் சாமான் கொட்டிலின் கூரை கை எட்டுமளவுக்குப் பதிவாக இருக்கும். பழைய பிஸ்கட் தகரத்தின் மூடியில் சோற்றைப் போட்டு அதில் வைப்பேன். கரண்டியால் மூடியில் இரண்டு தட்டுத் தட்டி, கா கா என்று கூப்பிடுவேன். முதல் சனி ஒன்றும் வரவில்லை. இரண்டாம் சனி ஒன்று வந்து காட்டோரத்து மரத்தில் இருந்துகொண்டு என்னை விசாரித்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் இறங்கியது. அதற்கு இடது செட்டையில் ஒரு வெள்ளை இறகு.

தைப்பொங்கல் வர முன்னம் ஆறேழு சேர்ந்துவிட்டன. பங்குனியில் பன்னிரண்டு. நான் தட்டத் தேவையே இல்லை, பத்தரைக்கே வேலியில் வரிசையாக வந்து இருந்துவிடும். ஆனாலும் வெள்ளை இறகுதான் முதலில் இறங்கும். மற்றதுகள் அது ஒரு வாய் எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கும். மச்சாளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அது அவன்தான். வேறை ஆர்?" என்றார்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது சாப்பிட்டுப் போன பிறகு நானும் சாப்பிடுவேன். கிழமையில் அந்த ஒரு சாப்பாடுதான் எனக்கு ருசி தெரிந்தது. அதை மட்டும் சொல்லலாம்.

சோற்றைத் தின்ற காகங்கள் எங்கே போய் இருந்தன என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்கவேண்டும். கமக்காரன் மாட்டுத் தீவனப் புல்லை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் உருளைகளாகச் சுற்றி வயலோரம் அடுக்கி வைத்திருப்பான். தின்று முடிய என் விருந்தாளிகள் அதில் ஏறி இருந்து, சொண்டால் குத்திக் குத்திப் பார்த்திருக்கின்றன. பிளாஸ்டிக்கில் ஓட்டை விழுந்தால் உள்ளே காற்றுப் போய்த் தீவனம் பூஞ்சணம் பிடிக்கும். கமக்காரன் வேட்டைக்காரர்களிடம் போய் முறையிட்டான். காகம் சுடச் சட்டத்தில் காலம் இருக்கிறது. மாசி முடிய நிறுத்தி ஆவணியில் தொடங்கலாம். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆவணியில் கோதுமை வெட்டி முடிந்த முதல் சனிக்கிழமை. பத்து மணி தாண்டியிருக்கும். சோறு வடித்துக்கொண்டிருந்தபோது யன்னலால் பார்த்தேன். வெட்டிய வயலில், வேலியிலிருந்து நூறடி தள்ளி, பத்துப் பன்னிரண்டு காகங்கள் நின்றன. இன்றைக்கு நேரத்தோடே பசித்துவிட்டது போல என்று நினைத்தேன். அவசர அவசரமாகச் சோற்றைக் குழைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். மூடியில் தட்டினேன். கா கா என்றேன். வயலில் நின்ற காகங்கள் ஒன்றும் அசையவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. நான் இன்னும் உரத்துக் கூப்பிட்டேன்.

அப்போது காட்டுப்பக்கமிருந்து என்னுடைய காகங்கள் வந்தன. வயலுக்கு மேலாகத்தான் வரவேண்டும். பற்றை ஓரத்தில் கட்டியிருந்த பச்சை வலைக்குள்ளிருந்து வெடி கேட்டது. வரிசையாக ஐந்து, ஆறு தரம். ஒன்று என் வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. வயலில் நின்றவை பிளாஸ்டிக் காகங்கள். வலைக்குள் இருந்து ஒரு முரட்டுக் காகக் குரல் இடையிடையே கரைந்துகொண்டிருந்தது. அது குழலால் ஊதுகிற குரல். நல்லாய்த்தான் ஊதினார்கள், குறை சொல்ல ஏலாது. ஆனால் அதற்கு முன்பே நான் கூப்பிட்டுவிட்டேன்.

வெடி ஓய்ந்ததும் செத்ததுகளைப் பொறுக்கி வயலோரத்தில் வரிசையாக வைத்தார்கள். அது அவர்களுடைய வழக்கமாம், சுட்டதற்குச் செய்கிற மரியாதை. நான் வேலியில் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஏழு. ஏழிலும் இடது செட்டையைப் பார்த்தேன். வெள்ளை இறகு இல்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. எண்ணினேன், அவ்வளவுதான்.

அவர்களில் ஓர் இளந்தாரி என்னைக் கண்டு நல்ல மரியாதையாகத் தலையாட்டினான். "உங்கள் வீட்டுப் பக்கம் சனிக்கிழமை பதினொரு மணிக்கு நன்றாக வருகின்றன. ஏன் என்று தெரியவில்லை. அதனால்தான் இந்த இடத்தைப் பிடித்தோம்" என்றான்.

நான் கையில் தகர மூடியோடு நின்றேன். சோறு ஆறிப்போயிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ரீச்சர். வயதுபோன ஒரு பழுப்பு நாய் வைத்திருக்கிறார். வெடிச்சத்தத்தில் அந்த நாய் குளியலறைக்குள் போய் ஒளிந்து, இரண்டு நாள் வெளியே வரவில்லை. ரீச்சருக்கு நெருப்புப் பிடித்துவிட்டது. பொலிஸைக் கூப்பிட்டார். பொலிஸ் வந்து பார்த்து, எல்லாம் சட்டப்படிதான் என்று சொல்லிவிட்டுப் போனது. ரீச்சர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார். என் வீட்டுக்கு வந்தபோது, அந்த நேரம் ஏன் சத்தம் போட்டாய் என்று கேட்டார். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது, சொன்னேன். செத்தவர்களுக்குச் சோறு, காகம், பதினொரு மணி, எல்லாம் சொன்னேன்.

அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். "இது மதம்" என்றார். "நாயைச் சொன்னால் சிரிப்பார்கள். இதைச் சொன்னால் அவர்களால் வாய் திறக்க முடியாது. பத்திரிகைக்காரரைக் கூப்பிடுவோம்."

கெட்ட மனுசியல்ல. என் கணவர் செத்த கிழமை மூன்று நாள் சூப் கொண்டுவந்தவர். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மனுசனுக்கு வைக்கிற சோற்றைப் படம் பிடித்துப் பேப்பரில் போட்டால்தான் இவர்களின் நடைபாதை திறக்குமோ? பத்திரிகை வேண்டாம் என்றேன். வேட்டைக்காரரோடு ஊர் பேசப்போகிற கூட்டத்துக்காவது வா என்றார். சூப்பை நினைத்து, ஓம் என்றேன்.

கூட்டம் தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில். ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் ஏழெட்டு வேட்டைக்காரர்கள், நடுவில் கமக்காரன் கையைக் கட்டிக்கொண்டு. ஒரு மணித்தியாலம் காரைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு ரீச்சர் என் முழங்கையில் இடித்தார். நான் எழும்பினேன். வீட்டில் நாலைந்து வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். எழும்பினதும் எல்லாம் போய்விட்டது.

"என் கணவர் செத்துப்போனார். சாப்பிடாமல் செத்துப்போனார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு நான் அவருக்குச் சாப்பாடு வைப்பேன். காகம் வந்து சாப்பிடும். இப்ப வருகுதில்லை" என்று எனக்குத் தெரிந்த டொச் மொழியில் சொல்லிவிட்டு இருந்தேன்.

முதலில் வாயைத் திறந்தவன் கமக்காரன்.

"அப்ப இவ்வளவு காலமும் இந்தக் காகங்களைக் கூட்டி வைத்தது நீதானா?" என்றான். "என் உருளை பதினான்கு பழுதாய்ப் போயிருக்கு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் என்னிடம்தான் வந்து நின்றன. அவன் சொன்னது சரி. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். ரீச்சர் நீ ஏன் மன்னிப்புக் கேட்கிறாய் என்று என்னோடு கோபித்தார். இரண்டு பக்கமும் மறுபடி சத்தம் போடத் தொடங்கின. நான் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பின்னால் ஒருவர் வந்தார். வேட்டைக்காரரில் மூத்தவர், எழுபது வயதிருக்கும். "உறைப்பான ரோல்ஸ் கொண்டுவந்து தந்தவரா உங்கள் கணவர்?" என்று கேட்டார். ஓம் என்றேன். அந்தக் குத்தகையில் தான் ஒருவன் மட்டும் முடிவெடுக்க முடியாது, பங்காளிகள் பலர், கமக்காரனுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். ஆனால் முக்கியமான ஒரு நாள் இருந்தால் சொல், அன்றைக்கு ஒருவனும் துவக்கோடு வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

கணவர் போய் ஒரு வருஷம் முடிகிற ஆட்டைத் திவசத்தின் நாளைச் சொன்னேன். திதிப்படி அதுவும் சனிக்கிழமையில் விழுந்திருந்தது. அவர் சிறிய கொப்பியில் எழுதிக்கொண்டார்.

புரட்டாதி முழுக்க நான் சோறு வைத்தேன். ஆனால் தட்டவில்லை, கூப்பிடவில்லை. சத்தமில்லாமல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அவர்கள் இன்னும் இரண்டு சனிக்கிழமை வந்து சுட்டார்கள். காகம் விசரல்ல. மிஞ்சியதுகள் எங்கள் பக்கம் வருவதை விட்டுவிட்டன. நாளை மாற்றித் திங்கள் வைத்துப் பார்த்தேன். பின்னேரம் வைத்துப் பார்த்தேன். சோறு காய்ந்து கிடக்கும், அல்லது நத்தை ஊர்ந்திருக்கும். ஒரு தரம் மட்டும் வேலைக்குப் போகிற வழியில், பஸ் தரிப்பிடத்துக்கு மேலே, வெள்ளை இறகு பறந்து போனதுபோல இருந்தது. பஸ் வந்துவிட்டதால் வடிவாகப் பார்க்க முடியவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தேவைப்பட்டது. திவசத்தன்று அது வந்து ஒரு வாய் எடுக்கவேண்டும். பெட்டி திறக்காமல் போன மனுசன் ஒரு வாய் சாப்பிட்டுப் போகவேண்டும். அதற்குப் பிறகு வேட்டைக்காரரும் ஊரும் எப்படியும் அடிபடட்டும்.

திவசத்தன்று விடியவே மச்சாளும் அவருடைய மனுசனும் வந்தார்கள். எங்கள் மகள் ஆஹென் நகரத்தில் படிக்கிறாள், முதல்நாளே வந்திருந்தாள். கோவிலில் ஐயரோடு செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, பத்தரைக்கு வீடு திரும்பினோம். கறி எல்லாம் விடியமுதலே சமைத்தாயிற்று: பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், பயித்தங்காய், பாகற்காய், வடை, பாயாசம். படத்துக்கு முன்னால் படைத்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, பதினொரு மணிக்குக் கொட்டில் கூரையில் வைத்தேன். தெருமுனையில் ஒரு காரும் இல்லை. வேட்டைக்காரப் பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

அன்று தட்டினேன். கூப்பிட்டேன். மகள் கூப்பிட்டாள். மச்சாள், குரல் உடைய உடைய, "வா ராசா, வந்து சாப்பிடு" என்று கூப்பிட்டார். வானம் சும்மா கிடந்தது.

பன்னிரண்டரை ஆயிற்று. மகள் கைபேசியில் காகம் கரைகிற சத்தம் தேடிப் பிடித்துப் போட்டுப் பார்த்தாள். ரீச்சரின் நாய் குரைத்ததுதான் மிச்சம். மச்சாளுக்குச் சலரோகம், சீனி வருத்தம். காலமை ஊசி போட்டவர், தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் எடுக்கவில்லை. கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

"மச்சாள், கொஞ்சம் பாயாசம் எண்டாலும் குடியுங்கோ" என்றேன்.

"அவன் தொடாமல் நான் தொடமாட்டன்."

"மயங்கி விழுந்தால்?"

"விழட்டும். அவனும் சாப்பிடாமல்தானே விழுந்தவன்."

மச்சாளின் மனுசன் தலையைக் குனிந்துகொண்டார். வடை ஆறி எண்ணெய் உறைந்துபோயிருந்தது.

ஒரு மணிக்கு ஒரு கார் வந்தது. மூத்த வேட்டைக்காரர் தனியாக இறங்கினார். துவக்கு இல்லை, பச்சை உடுப்பும் இல்லை, சாதாரண மேற்சட்டை. தன்னுடைய ஆட்கள் ஒருவரும் வரவில்லைத்தானே என்று பார்க்க வந்தாராம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்தார். வேட்டியோடு ஒருவர், சீலையோடு இரண்டு பேர், கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெட்டைப்பிள்ளை, எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அவருக்கு விளங்கிவிட்டது.

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன மரக்குழலை எடுத்தார். "நான் ஊதலாமா? வருமா என்று தெரியாது" என்றார்.

ரீச்சர் தன் வளவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்கு அந்தக் குரல் மறந்துபோகவில்லை. ஆவணியில் அந்த வலைக்குள்ளிருந்து ஊதியது இப்படி ஒரு குழல்தான். ஆனால் மச்சாளின் கை நடுங்கிக்கொண்டிருந்தது, கூரையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"ஊதுங்கள்" என்றேன்.

ஊதினார். மூன்று தரம் ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று. தீன் கிடக்குது வா என்று ஒரு காகம் மற்றக் காகத்தைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பொய் என்று தெரிந்த எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றியது. ஐந்து நிமிஷம் போயிருக்கும். காட்டோரத்து மரத்தின் உச்சியில் கறுப்பாக ஒன்று வந்து இருந்தது. அங்கிருந்து பிளாஸ்டிக் உருளைக்கு. அங்கிருந்து எங்கள் வேலிக்கு. செட்டையை மடித்தபோது இடது பக்கத்தில் வெள்ளை தெரிந்தது.

மச்சாள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். "வந்திட்டான்" என்றார். மகள் என் சீலையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் குழலை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

அது கொட்டில் கூரைக்குத் தாவியது. சோற்றைப் பார்க்கவில்லை. தலையைச் சரித்து அவரைத்தான் பார்த்தது, அவர் கையிலிருந்த குழலை. என் சோற்றுக்கு இரண்டு மாதமாக வராதது அந்தக் குழலுக்கு வந்திருக்கிறது. இன்றைக்கு வந்து தின்றால், அந்தக் குழல் ஊதினால் சோறு கிடைக்கும் என்று படித்துக்கொண்டு போகும். அடுத்த சனிக்கிழமையும் குழல் ஊதும். வலைக்குள்ளிருந்து ஊதும். பெரியவர் வாக்குத் தந்தது இன்றைய ஒரு நாளைக்குத்தானே.

காகம் ஓர் அடி எடுத்து வைத்தது. இன்னும் ஓர் அடி. சோற்றுக்கும் சொண்டுக்கும் ஒரு சாண் இருந்தது. ஒரு வாய் எடுக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று என் மனம் சொன்னது. கும்பிட்டுக் கேட்டது என்றே சொல்லலாம். ஒரு வருஷமாக நான் கேட்டது அந்த ஒரு வாயைத்தான்.

"போ" என்று கத்தினேன்.

அது திடுக்கிட்டுப் பின்வாங்கியது. போகவில்லை. நான் ஓடிப்போய், சோறு ஒட்டிய கையை வீசித் துரத்தினேன். சூ, சூ என்றேன். போகாமல் வேலியில் இருந்து என்னைப் பார்த்தது. தகர மூடியைச் சோற்றோடு தூக்கி அதை நோக்கி எறிந்தேன். மூடி வேலியில் பட்டுப் பெரிய சத்தம் போட்டது, பருக்கைகள் வளவெல்லாம் சிதறின. காகம் எழும்பி, கரைந்துகொண்டு, வயலுக்கு மேலால் காட்டுக்குப் போனது. ஒரு பருக்கையும் தொடவில்லை.

பெரியவர் குழலைச் சட்டைப்பைக்குள் வைத்தார். தொப்பி போடாத தலையை என்னை நோக்கிக் குனிந்துவிட்டு, காருக்குப் போனார். ரீச்சர் நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மச்சாளின் கை இன்னும் கும்பிட்டபடியே இருந்தது. "என்னடி செய்தனி?" என்றார். "வந்தவனைக் கலைச்சுப் போட்டியே. பசியோடை வந்தவனை."

"ஓம் மச்சாள்."

"ஏன்?"

"உயிரோடை போகட்டும்" என்றேன்.

மச்சாள் என்னைப் பார்த்தார், பிறகு பச்சை வலை கட்டியிருந்த பற்றைப் பக்கம் பார்த்தார். மகள் மச்சாளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். மேசையில் ஆறிய கறிகள் இருந்தன. மச்சாள் இலையைத் தன் பக்கம் இழுத்து நேராக்கினார்.

"எனக்குச் சோத்தைப் போடு" என்றார்.

போட்டேன். சோற்றின்மேல் பருப்பை ஊற்றும்போது அகப்பை என் கையில் நிற்கவில்லை. இலையிலும் மேசையிலும் பருப்பு சிந்தியது. மச்சாள் ஒரு கையால் அகப்பையை வாங்கி, மறுகையால் என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.